புது லோரி டிரைவருக்கு எந்த வேலை: தோட்டத்துப் பழ லோரியா, கிள்ளான் கண்டெய்னரா?

கேள்வி. 13 செப்டம்பர் 2025, சனி

அண்ணன்மார்களே, எனக்கு வயது 23. மலேசியாவில், பேராக்கின் லங்காப் பக்கம் தோட்டத்து வீடு. இ ஃபுல் லைசென்ஸும் (டிரெய்லர் வரை ஓட்டலாம்) ஜி.டி.எல்லும் (சரக்கு வண்டி ஓட்டும் உரிமம்) போன மாதம்தான் கைக்கு வந்தன. இரண்டு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்று, இங்கேயே செம்பனை (எண்ணெய்ப் பனை) பழம் ஏற்றும் குத்தகைக்காரரிடம். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஒரு டிரிப்புக்கு 15 வெள்ளி. இன்னொன்று கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுப்பது. அடிப்படை இல்லை, டிரிப் காசு மட்டும். ஆனால் மாதம் 4,500 வரை எடுக்கலாம் என்கிறார்கள். அப்பா கிள்ளானுக்குப் போ என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். என் கணக்கில் கிள்ளான்தான் சரி, கிட்டத்தட்ட இருமடங்கு காசு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில். 14 செப்டம்பர், ஞாயிறு இரவு

இருமடங்கு இல்லை தம்பி. மாதக் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கில் போட்டுப் பார்.

பழ லோரிக்கு இப்போது உச்சக் காலம். செப்டம்பர், அக்டோபரில் குலை கொட்டும். பழத்தை எண்ணெய் ஆக்கும் மில் பக்கத்தில் இருந்தால் ஒரு நாளைக்கு நாலு டிரிப் போகலாம். 26 நாளைக்கு 104 டிரிப், அதாவது 1,560 வெள்ளி. அடிப்படையோடு சேர்த்தால் 3,260. இதே லோரியில் ஜனவரி, பிப்ரவரியில் உட்கார்ந்து பார். பழம் குறைந்துவிடும். ஒரு நாள் இரண்டு டிரிப், ஒரு நாள் ஒன்று. மாதம் 40 தேறினால் 600 வெள்ளி, மொத்தம் 2,300. ஆகவே யாராவது "மாதம் மூவாயிரத்துக்கு மேல்" என்று சொன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும். உச்சக் காலத்தில் நாளைக்குப் பதினொரு மணி நேரம், மற்ற காலத்தில் ஒன்பது என்று வைத்தால், மணிக்கு 11 வெள்ளி 40 சென்னும் 9 வெள்ளி 80 சென்னும் வருகிறது.

கிள்ளானில் 4,500 எடுப்பவர்கள் இருக்கிறார்கள், பொய் இல்லை. எப்படி எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நாளைக்குப் பதினாலு மணி நேரம், 26 நாள். 364 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 12 வெள்ளி 36 சென். அதில் அறை வாடகை 400, வெளிச் சாப்பாடு 600 போனால் கையில் நிற்பது 3,500. மணிக்கு 9 வெள்ளி 60 சென். அம்மா சமைத்துப் போடும் வீட்டில் இருந்துகொண்டு பழம் குறைந்த மாதத்தில் வாங்குவதை விடக் கொஞ்சம் கீழே.

15 செப்டம்பர், திங்கள் விடியற்காலை

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. இதுதான் முக்கியம், அதனால் தனியாக எழுதுகிறேன்.

லோரி ஓடும் நேரத்துக்கு எல்லாரும் விலை பேசுகிறார்கள். நிற்கும் நேரத்துக்கு யாரும் பேசுவதில்லை. பழம் வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேக வேண்டும் என்பார்கள். தள்ளிப்போனால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை விழும். அதனால் எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் மில்லுக்கு அனுப்பும். மில் ஒரு நாள் பழுதானால் வரிசை ரோட்டு வரைக்கும் நீளும். தராசில் ஏற வேண்டும், ரேம்பில் கொட்ட வேண்டும், கிரேடிங் ஆள் காய்க் குலை எவ்வளவு, காம்பு நீளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், வெறும் லோரியாகத் திரும்பவும் தராசில் ஏற வேண்டும். நல்ல நாளில் முக்கால் மணி. கெட்ட நாளில் மத்தியானம் போன லோரி இரவு பத்துக்குத்தான் வெளியே வரும். அந்த டிரிப்புக்கும் அதே 15 வெள்ளிதான்.

துறைமுகத்திலும் இதே கதை, இடம்தான் வேறு. கேட்டில் வரிசை, காலி கண்டெய்னரைத் திருப்பி விடும் டிப்போவில் வரிசை, சரக்கு இறக்கும் ஃபேக்டரியில் "போர்க்லிஃப்ட் ஆள் சாப்பிடப் போயிருக்கிறார்". வெறும் டிரிப் காசில் வேலை என்றால் மில் பழுது, கப்பல் தாமதம், டிப்போ நெரிசல் எல்லாவற்றின் செலவும் உன் தலையில் விழுகிறது. மில் உன்னுடையது இல்லை. கப்பலும் உன்னுடையது இல்லை.

இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நிற்கும் நேரத்துக்கு யார் காசு?"

16 செப்டம்பர், செவ்வாய்

இன்று மலேசியா தினம், பொது விடுமுறை. இந்தப் பக்கம் பழ லோரிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கின்றன. மாதச் சம்பளக்காரர் இன்று வேலை செய்தால் அந்த நாள் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம் சேர வேண்டும். வேலை நியமனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது.

17 செப்டம்பர், புதன் இரவு

ஒருவர் கேட்கிறார், அடிப்படையே இல்லாமல் டிரிப் காசு மட்டும் கொடுப்பது சட்டப்படி சரியா என்று. கொடுக்கலாம். ஆனால் மாதம் முழுக்க வேலை செய்தவருக்கு டிரிப் காசு மொத்தம் 1,700 வெள்ளிக்குக் குறைந்தால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும். குறைந்தபட்சச் சம்பள ஆணையில் டிரிப், டன், துண்டு வேலை, கமிஷன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1-இலிருந்தே 1,700. ஐந்து பேருக்குக் குறைவான சின்ன இடங்களுக்கு 2025 ஆகஸ்ட் 1-இலிருந்து. "நாங்கள் சின்ன குத்தகை, எங்களுக்குப் பொருந்தாது" என்ற பேச்சு இனி செல்லாது.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1,700-ஐ 26-ஆல் வகுத்து, எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்றால் 12 வெள்ளி 26 சென். இதை முதல் நாள் போட்ட கணக்கோடு வைத்துப் பார் தம்பி. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு நீ உழைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 12 வெள்ளி 26 சென் பெற வேண்டியது. பழம் குறைந்த மாதத்தில் உன் டிரிப் காசையும் சேர்த்து மணிக்குப் பத்து வெள்ளிகூட வரவில்லை. டிரிப் காசு கொடுக்கிறோம், அதனால் ஓவர்டைம் கிடையாது என்பார்கள். டிரிப் காசு ஒன்று, ஓவர்டைம் வேறு. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம். முன்பு 48 ஆக இருந்தது. பழைய தௌக்கேமார் (முதலாளிகள்) பலர் இன்னும் 48-லேயே நிற்கிறார்கள்.

பதினாலு மணி நேரம் என்று எழுதினேனே, சட்டம் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சொல்லக் கூடாது என்கிறது. அவசர ஆபத்துக்கு விலக்கு உண்டு. கப்பல் பிந்தி வந்ததெல்லாம் அவசர ஆபத்து ஆகாது. ஆக 4,500 என்ற தொகையே சட்டத்துக்கு வெளியே போய்த்தான் முழுசாகக் கிடைக்கிறது என்றால், அதை உன் சம்பளம் என்று எண்ணாதே. பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன வரும் என்று அந்தக் கம்பெனியில் ஓடும் ஆளிடம் கேள். ஆபிசில் கேட்காதே, பார்க்கிங்கில் கேள்.

18 செப்டம்பர், வியாழன்

"அண்ணே, இதையெல்லாம் கேட்டால் வேலையே தர மாட்டார்கள்" என்று தம்பி எழுதியிருக்கிறார்.

இப்போது நல்ல ஓட்டுநருக்குப் பஞ்சம். இ ஃபுல் எடுத்த பையன்கள் அதிகம் இல்லை, எடுத்தவர்களில் பல பேர் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் விரட்ட மாட்டார்கள். விரட்டுகிறவர் பின்னால் வேறு எதற்கும் பதில் சொல்ல மாட்டார்.

20 செப்டம்பர், சனி

இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பற்றி. இளம் வயதில் இதைக் கேட்கவே பிடிக்காது. கையில் வரும் காசு குறைகிறதே என்று தோன்றும். பொறுமையாகப் படி.

சில இடங்களில் 4,500 கொடுப்பார்கள், ஆனால் தாளில் 1,700 சம்பளம், மீதி 2,800 "பயணப் படி" என்று போடுவார்கள். பயணப் படிக்கும் ஓவர்டைமுக்கும் இ.பி.எஃப். கிடையாது. ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று உழைப்புக்குக் கொடுக்கும் காசு சம்பளம்தான், அதற்கு இ.பி.எஃப். கட்ட வேண்டும். முதலாளி பங்கு 13 விழுக்காடு. 4,500-க்கு 585 வெள்ளி, 1,700-க்கு 221. வித்தியாசம் 364. ஒரு வருடத்துக்கு 4,368 வெள்ளி உன் கணக்கில் ஏறாமல் போகிறது. உன் பங்கு 11 விழுக்காட்டை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

சொக்சோ இதை விட மோசம். என் கூட்டாளி ஒருவர் மழையில் டிரெய்லர் மேலிருந்து இறங்கும்போது வழுக்கிக் கால் முறிந்தது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சொக்சோ தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தரும். எந்தச் சம்பளத்தில்? கம்பெனி பதிந்த சம்பளத்தில். 4,500 பதிந்திருந்தால் நாளைக்கு ஏறக்குறைய 120 வெள்ளி வந்திருக்கும். 1,700-தான் பதிந்திருந்தார்கள், 45 வெள்ளி வந்தது. கார் தவணை, பிள்ளைக்கு டியூஷன், வீட்டு வாடகை எல்லாம் 4,500-ஐ நம்பிப் போட்டவை. மருத்துவமனையில் அவர் மனைவி சொக்சோவின் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து புதிதாக வேலைக்குப் போகும் எந்தப் பையனையும் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

குத்தகைக்காரர் கொடுக்கும் டிரிப் 15 வெள்ளிக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். சின்னத் தொகை என்று விட்டுவிடாதே.

21 செப்டம்பர், ஞாயிறு

ஓர் அக்கா எழுதியிருப்பதை எல்லாரும் படியுங்கள். அவர் வீட்டுக்காரர் பத்து வருடத்துக்கும் மேலாகக் கண்டெய்னர் ஓட்டுகிறார். "சம்பளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர் எப்போது தூங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை" என்கிறார். வாரத்தில் பாதி நாள் லோரியிலேயே தூக்கம். வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் படுக்கை, பிள்ளைகள் அடுத்த அறையில் சத்தம் போடாமல் விளையாடப் பழகிவிட்டார்கள். சர்க்கரை வந்துவிட்டது. லைசென்ஸ் மருத்துவச் சோதனைக்கு முந்தின வாரம்தான் சோற்றைக் குறைக்கிறார்.

அக்கா, சொன்னதற்கு நன்றி. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வரிசையில் நிற்பதை ஓய்வு என்று கணக்கு வைக்கும் இடங்கள் உண்டு. வரிசையில் நிற்பவர் கண்ணை மூட முடியாது, முன் லோரி நகர்ந்தால் நகர வேண்டும். அது ஓய்வு ஆகாது.

இதைப் படித்த பிறகு எனக்கு வேறு ஒரு யோசனையும் வருகிறது. முதல் நாள் நான் எழுதிய கணக்கில் தோட்டத்துப் பக்கம் சாய்வது போல இருந்தது. அக்காவின் வீட்டுக்காரருக்கு அது சரி. ஆனால் தம்பிக்கு 23 வயது, கல்யாணம் ஆகவில்லை. பழ லோரியில் ஐந்து வருடம் இருந்தாலும் அவருக்குத் தெரிவது பழ லோரிதான். டிரெய்லர் மாட்டுவது, கழற்றுவது, குறுகிய ஃபேக்டரி வாசலில் ரிவர்ஸ் விடுவது, துறைமுக கேட் நடைமுறை இதெல்லாம் கிள்ளானில்தான் கைக்கு வரும். பின்னால் பாம் ஆயில் டேங்கருக்குப் போக வேண்டுமானால் அந்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள். நல்ல கம்பெனி என்றால் இரண்டு வருடம் போய் வரலாம். நல்ல கம்பெனி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

27 செப்டம்பர், சனி

லோரியைப் போய்ப் பார். ஆபிசில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதே.

முதலில் கதவு. சரக்கு லோரியின் கதவில் பெர்மிட்காரர் பெயரும் எடை விவரமும் எழுதியிருக்கும். பி.டி.எம். என்று மலாயில் போட்டிருப்பது பாரத்தோடு மொத்த எடை எவ்வளவு அனுமதி என்பது. கதவில் ஒரு பெயர், உனக்குச் சம்பளம் தருபவர் வேறு பெயர் என்றால், பெர்மிட்டைப் பாஜாக் (வாடகைக்கு) எடுத்து ஓட்டுகிறார்களா என்று கேள். விபத்து நடந்தால் "அது என் லோரி இல்லை" என்று ஒருவரும், "அவர் என் தொழிலாளி இல்லை" என்று இன்னொருவரும் சொல்வார்கள். நடுவில் நீ நிற்பாய்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே 13-ஆம் தேதி சிக்குஸ்–சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றிவந்த லோரி எஃப்.ஆர்.யூ. (கலகத் தடுப்புப் போலீஸ்) வண்டியில் மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள். நம் கோயில் திருவிழாவுக்கு வந்து நின்றவர்கள். அதற்குப் பிறகு பெர்மிட் பாஜாக், அதிகப் பாரம் எல்லாம் அமைச்சர் வரை பேச்சாகிவிட்டது. எனக்கு அந்தச் சாலையைக் கடக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. லோரி ஓட்டுபவன் கையில் எத்தனை வீடு இருக்கிறது என்பதைத் தம்பி மறக்கக் கூடாது.

அடுத்து டயர். பின்பக்க இரட்டை டயரில் உள் டயரைக் குனிந்து பார். வெளி டயரை எல்லாரும் நல்லதாகப் போட்டிருப்பார்கள். புஸ்பாகோம் சோதனை (வாகனத் தகுதிச் சோதனை) ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கடைசித் தேதியைக் கேள். பிரேக் காற்று ஏற எவ்வளவு நேரம் ஆகிறது, எஞ்சினை அணைத்ததும் மீட்டர் இறங்குகிறதா என்று பார். காற்றுத் தொட்டியில் தண்ணீர் வடிக்கும் குழாயைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர் கொட்டுகிறதா? அப்படியானால் அந்த லோரியை யாரும் தினமும் பார்ப்பதில்லை.

பாரம். மில் தராசில் ஏறும்போது வரும் சீட்டில் உண்மையான எடை இருக்கும். அதைக் கதவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் போதும், அந்தக் குத்தகைக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். அங்கே ஓடும் ஆளிடம் ஒரு பழைய சீட்டைக் காட்டச் சொல். வேகம், சிவப்பு விளக்குச் சம்மன் ஓட்டுநருடையது, அது நியாயம். ஏற்றச் சொன்னவர் வேறு, பிடிபடுபவர் வேறு என்றால் அது நியாயம் இல்லை. "அதிகப் பாரம் ஏற்றச் சொன்னால் நான் எடுக்க மாட்டேன்" என்பதை வேலைக்குச் சேரும் முன்பே சொல்லிவிடு. சேர்ந்த பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம்.

28 செப்டம்பர், ஞாயிறு

சம்பளத்தில் பிடித்தம் பற்றி ஒருவர் கேட்டார். டயர் வெடித்தால், பின் பம்பர் நசுங்கினால் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம். முதலாளி தாமாகவே எவையெவற்றைப் பிடிக்கலாம் என்று சட்டத்தில் 24-ஆம் பிரிவு சொல்கிறது. முன்பணம், தவறுதலாக அதிகம் கொடுத்த சம்பளம் போன்றவை. டயர் அதில் இல்லை. எல்லாம் சேர்த்தும் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சம்பள மாதம் முடிந்து ஏழு நாளைக்குள் சம்பளம் வர வேண்டும். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை. சம்பளச் சீட்டும் தராசு சீட்டுகளும் கைவசம் இருந்தால் போதும், அதனால் ஒன்றையும் வீசாதீர்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2 அக்டோபர், வியாழன்

நேற்றிலிருந்து கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். கட்டம் கட்டமாக வருகிறது. டிரிப் காசில் ஓடும் நண்பர்கள் கோபமாக எழுதுகிறார்கள், வேகம் குறைந்தால் டிரிப் குறையும் என்று. கோபம் புரிகிறது, கருவி மேல் திருப்ப வேண்டாம். வேகமாக ஓடினால்தான் வயிறு நிறையும் என்று சம்பளத்தை அமைத்தவர் மேல் திருப்புங்கள். டிரிப் விலையை ஏற்றச் சொல்ல இதுதான் நேரம்.

12 அக்டோபர், ஞாயிறு

தம்பி தோட்டத்து வேலையில் சோதனை ஓட்டம் போயிருக்கிறார். மழையில் உள் ரோட்டில் லோரி இறங்கிவிட்டதாம், டிராக்டர் வந்து இழுக்க மூன்று மணி நேரம். டிரிப் காசு 15 வெள்ளி.

அதுதான் தம்பி பழ லோரி. நவம்பர் மழை இதை விட மோசமாக இருக்கும். செம்மண் ரோடு என்றால் பரவாயில்லை, நம் பக்கம் கடலோர களிமண், சில இடம் பீட் மண் (சதுப்புக் கரிமண்). வலை போட மறக்காதே. ஒரு குலை ரோட்டில் உருண்டால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு உயிர் போகும். வலையைக் கட்டும்போது கையுறை போடு, குலை முள் குத்தினால் சீழ் வைக்கும். உதிரிப் பழத்தைக் கூட்டிச் சாக்கில் போடச் சொன்னார்களா? அது ஓட்டுநர் வேலையா என்று கேட்டு வைத்துக்கொள். கேட்காத வேலையெல்லாம் மெதுவாக உன் வேலை ஆகிவிடும்.

என் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அவருக்குச் சங்கம் இருந்தது, சம்பள ஒப்பந்தம் இருந்தது, மழை நாளில் என்ன கொடுக்க வேண்டும் என்று கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கர்) கேட்க முடிந்தது. இப்போது அதே தோட்டத்தில் அதே பழத்தை இழுக்கும் லோரி குத்தகைக்காரருடையது. மாட்டியது அதே சேறுதான். கேட்பதற்கு ஆள் இல்லை. தோட்ட நிர்வாகத்திடம் போனால் "குத்தகைக்காரரைக் கேள்" என்பார்கள். இந்த விஷயம் எனக்குப் பல வருடமாக உறுத்துகிறது.

21 அக்டோபர், செவ்வாய்

எல்லாருக்கும் தீபாவளி நல்லபடியாகப் போயிருக்கும். இரண்டு கேள்விக்குப் பதில்.

சொந்த லோரி வாங்கலாமா என்று ஒருவர். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென் ஆனது. சரியான பெர்மிட்டும் ஃபிளீட் கார்டும் (மானிய டீசல் அட்டை) வைத்திருந்தவர்கள் பழைய விலையிலேயே அடித்தார்கள். பாஜாக் பெர்மிட்டில் ஓடியவர்கள் கார்டு கேட்டு அலைந்தார்கள். சொந்த லோரி என்றால் முதல் செலவு பெர்மிட், லோரி பிறகு. கூலிக்குச் சரக்கு ஏற்ற ஏ பெர்மிட் வேண்டும். சி பெர்மிட் உன் சொந்தச் சரக்குக்கு மட்டும். சொந்தக் காலில் நிற்பவர் சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் சேர வேண்டும். லோரி தவணை முடியும் முன் கால் முறிந்தால் அது ஒன்றுதான் மிச்சம்.

பாம் ஆயில் டேங்கர் எப்படி என்று இன்னொருவர். சம்பளம் பழ லோரியை விட நல்லது, ரோடும் நல்ல ரோடு. ஆனால் எண்ணெய் ஐம்பது பாகைக்கு மேல் சூடாக இருக்கும், பாதி நிரம்பிய தொட்டி வளைவில் தள்ளும், மேலே ஏறி மூடி திறக்கும்போது வழுக்கும். சீல் எண்ணை ஒவ்வொரு தடவையும் படம் எடுக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் முதல் சந்தேகம் ஓட்டுநர் மேல்தான் விழும்.

2 நவம்பர், ஞாயிறு

தம்பி இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். குத்தகைக்காரர் "இதையெல்லாம் எழுத்தில் கேட்காதே, நான் உன் அப்பாவுக்குத் தெரிந்தவன்" என்றாராம். கிள்ளானில் முதலில் பேசிய கம்பெனி பதிலே சொல்லவில்லை. அதே கிள்ளானில் இன்னொரு கம்பெனி, அடிப்படை 1,700, டிரிப் காசு தனி, ஒரே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கணக்கில் காசு, இ.பி.எஃப். மொத்தத் தொகைக்கும் என்று கடிதத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறது. மாதம் 3,800 போல வரும் என்கிறார்கள். 4,500 இல்லை.

போ தம்பி. 3,800 உனக்கு நல்ல சம்பளம். அம்மாவிடம் நான் பேச வேண்டுமானால் பேசுகிறேன். உன் அப்பாவுக்குத் தெரிந்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் நீ சேற்றில் நிற்கும் மூன்று மணி நேரத்துக்கு அவர் இன்னும் விலை சொல்லவில்லை.

கடிதத்தின் படத்தைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் "வாகனச் சேதம் ஊழியர் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அதை இப்படியே விட்டுக் கையெழுத்துப் போடாதே. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று விசாரித்து உறுதியானால் மட்டும் என்று மாற்றச் சொல். மாற்றிய இடத்தில் இருவரும் கையெழுத்து. சோதனைக் காலம் மூன்று மாதம் என்று போட்டிருக்கிறது, அந்த மூன்று மாதத்திலும் நிற்கும் காசு உண்டா என்று கேள். ஒவ்வொரு கண்டெய்னரையும் எடுக்கும் முன் நாலு பக்கமும் சீலையும் படம் எடு, நசுங்கல் இருந்தால் கேட்டிலேயே சொல்லிவிடு. அறையைக் கம்பெனி யார்டுக்குப் பக்கத்திலேயே பார், 50 வெள்ளி அதிகமானாலும் பரவாயில்லை, தூக்கம் ஒரு மணி நேரம் கூடும். ஜி.டி.எல். காலாவதித் தேதியைப் போனில் குறித்து வை, அது தவறிப்போய் ஓட்டினால் விபத்துக் காப்பீடும் சிக்கலாகும்.